பெண்களின் வாக்கு என்று தனியாக ஒன்று உண்டா?

கோண்டாவில் ஆசிரியை (கேள்வி)

வணக்கம். நான் வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் குடியியல் கற்பிக்கிறேன். தேர்தல் அறிவிக்கப்பட்டால் எனக்கும் வாக்களிப்பு நிலையக் கடமைக் கடிதம் வந்துவிடும் என்பதால், கடந்த பத்து ஆண்டுகளில் நடந்த அநேகமான தேர்தல்களை மேசைக்குப் பின்னால் இருந்து பார்த்திருக்கிறேன். வாக்காளர் இடாப்பில் பெயரைத் தேடிக் கோடிடுவதும், இடது கைச் சின்ன விரலில் மை பூசுவதும், வாக்குச்சீட்டைக் கொடுப்பதும்தான் எங்கள் வேலை என்றாலும், நாள் முழுவதும் ஒரே மண்டபத்தில் இருப்பவருக்குச் சில விடயங்கள் கண்ணில் படாமல் போகாது. காலையில் முதலில் வருபவர்கள் வயோதிபர்களும் தொழிலுக்குப் புறப்படும் ஆண்களும். பத்து மணி கழிந்த பின், உலையை இறக்கிவைத்த கையோடு, ஒரே ஒழுங்கையைச் சேர்ந்த பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து வருவார்கள். மாமியாரின் கையைப் பிடித்தபடி மருமகளும், இடுப்பில் பிள்ளையோடு தாயும் வந்தாலும், மறைப்புக்குள் போனதும் ஒவ்வொருவரும் தனியாகத்தான் நிற்கிறார்கள். அந்த அரை நிமிடத்தில் எதை நினைத்துப் புள்ளடி இடுகிறார்கள் என்பதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

2025 மே 6 இல் உள்ளூராட்சித் தேர்தல் நடந்து இரண்டு நாட்களுக்குப் பிறகு, எங்கள் சங்கக்கடை வாசலில் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா தன் தோழியிடம் சொன்னது காதில் விழுந்தது: "போன முறை வீட்டில சொன்ன ஆளுக்குப் போட்டனான். இந்த முறை தண்ணிக்குப் போட்டனான்." யாருக்குப் போட்டார் என்று அவர் சொல்லவுமில்லை, எனக்கு அது தேவையுமில்லை. ஆனால் "வீட்டில் சொன்ன ஆள்" என்பதிலிருந்து "தண்ணீர்" என்பதற்கு ஒரு மனித மனம் நகர்ந்திருக்கிறது என்பது என்னை விட்டுப் போகவில்லை.

அதே கிழமை பதினோராம் தரத்தில் ஒரு மாணவி எழுந்து, வாக்காளர்களில் அரைவாசிக்கு மேல் பெண்கள் என்று புத்தகத்தில் இருக்கும்போது, 2024 நவம்பரில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்ற ஆறு பேரும் எப்படி ஆண்களாக இருந்தார்கள் என்று கேட்டாள். என்னால் ஒழுங்கான விடை சொல்ல முடியவில்லை. ஆகவே இங்கே கேட்கிறேன். நம் மண்ணில் பெண்கள் ஆண்களிலிருந்து வேறுபட்டு வாக்களிக்கிறார்களா? அரசாங்கத்தின் கொள்கைகள், அதாவது நிவாரணம், கடன், தண்ணீர், காணி, ஒதுக்கீடு போன்றவை, அந்த வேறுபாட்டை உண்டாக்குகின்றனவா? அல்லது குடும்பமும் இனப்பிரச்சினையும் எல்லாவற்றையும் மூடிவிடுகின்றனவா?


பருத்தித்துறை வாசகர்

ரீச்சர், நான் அரசறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். உங்கள் முதலாவது கேள்விக்கு நேர்மையான பதில், இலங்கையில் அதை அளந்து சொல்ல வழியில்லை என்பதுதான். வாக்குச்சீட்டில் ஆண், பெண் என்ற அடையாளம் கிடையாது, இருக்கவும் கூடாது. வாக்களித்துவிட்டு வெளியே வருபவர்களிடம் கேட்டு எழுதும் கணிப்புகள் அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து நடப்பதால், 1980 முதல் அங்கே ஜனாதிபதித் தேர்தல்களில் ஆண்களும் பெண்களும் வெவ்வேறு பக்கம் சாய்வதைத் தெளிவாகக் காட்ட முடிகிறது. நம்மிடம் அப்படியொரு தொடர்ச்சியான பதிவு இல்லை. ஆகவே "பெண்கள் இன்ன கட்சிக்குத்தான் போட்டார்கள்" என்று மேடையிலோ பத்திரிகையிலோ யாராவது உறுதியாகச் சொன்னால், அதை அனுமானம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கொள்கைக்கும் வாக்குக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேச வரலாறு இடம் தருகிறது. 1931 இல் டொனமூர் அரசியலமைப்பு இந்நாட்டுக்குச் சர்வசன வாக்குரிமையைக் கொடுத்தது. ஆணைக்குழு முதலில் பெண்களுக்கு 30 வயது என்றே விதந்துரைத்தது. பின்னர் ஆண்களுக்கு நிகராக 21 ஆக்கப்பட்டது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற நம் பெரியவர்கள் பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதை எதிர்த்துச் சாட்சியமளித்தார்கள் என்பதையும் மறைக்காமல் மாணவிகளுக்குச் சொல்லுங்கள். அந்த முதல் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிக்கச் செய்ததால், யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. நாட்டின் மற்றப் பெண்கள் 1931 இல் வாக்களித்தபோது, நம் பாட்டிமார் மூன்று ஆண்டுகள் காத்திருந்தார்கள். பகிஷ்கரித்தவர்கள் உயர்ந்த நோக்கத்தோடு செய்தார்கள். முழுச் சுயராச்சியம் வேண்டும் என்றார்கள். ஆயினும் அன்றுதான் வாக்கைப் பெற்ற ஒரு பெண்ணிடம், அதைப் பயன்படுத்தாமல் இருக்கலாமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். நம் அரசியலில் "இனத்தின் முடிவு" என்பது வீட்டுக்குள் வரும்போது "ஆணின் முடிவு" ஆகிவிடும் வழக்கம் அங்கேயே தொடங்குகிறது.

இரண்டாவதாக அரிசியைப் பாருங்கள். பங்கீட்டு அட்டைக்கு இரண்டு கொத்து மலிவு அரிசி கிடைத்து வந்த காலத்தில், 1966 இல் டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் அதை ஒரு கொத்தாகக் குறைத்து, அந்த ஒன்றை இலவசமாக்கியது. 1970 தேர்தலில் குறைத்த கொத்தைத் திரும்பத் தருவோம் என்ற வாக்குறுதியோடு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கா பெருவெற்றி பெற்றார். அரிசிப் பானையை அளந்து பார்ப்பவர் யார் என்று தெரிந்தவருக்கு, அந்த வாக்குறுதி யாரை நோக்கியது என்பதும் தெரியும். ஆனால் அந்தத் தேர்தலில் யாழ்ப்பாணம் தமிழரசுக் கட்சி, தமிழ்க் காங்கிரஸ் என்ற தன் பழைய பாதையிலேயே நின்றது. அதற்குப் பின் வந்த இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் நம் வெங்காய, மிளகாய்ச் செய்கையாளர்கள் நன்றாக உழைத்தார்கள். கல்வீடுகள் எழுந்தன, உழவு இயந்திரங்கள் வந்தன. இருந்தும் பல்கலைக்கழக அனுமதியில் தமிழ் மாணவரிடம் கூடிய புள்ளி கேட்ட தரப்படுத்தல் அதைவிட ஆழமாகக் காயப்படுத்தியிருந்தது. 1977 இல் தமிழர் விடுதலைக் கூட்டணி வட மாகாணத் தொகுதிகள் அனைத்தையும் வென்றது. பையில் காசு சேர்த்த கொள்கையை, பிள்ளையின் எதிர்காலத்தைத் தொட்ட கொள்கை தோற்கடித்தது. தாய்மார் அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் நின்றிருப்பார்கள் என்பதை நான் என் தாயாரைக் கொண்டு ஊகிக்கிறேன். அவர் வெங்காயம் கட்டிய கையோடுதான் என்னைப் படிக்க வைத்தவர்.


தென்மராட்சி முன்னாள் உறுப்பினர்

ரீச்சருக்கும் ஐயாவுக்கும் வணக்கம். 2018 முதல் 2023 வரை ஒரு பிரதேச சபையில் உறுப்பினராக இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். எந்தச் சபை, எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை.

ஒரு சட்டம் வாக்களிப்பை எப்படி மாற்றும் என்பதற்கு என் கதையே சான்று. 2016 இலும் 2017 இலும் செய்யப்பட்ட திருத்தங்களின்படி உள்ளூராட்சிச் சபைகளில் நான்கில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று வந்தது. அதற்கு முன் நாடு முழுவதும் உள்ளூராட்சி உறுப்பினர்களில் பெண்கள் 2 வீதத்துக்கும் குறைவு. 2018 பெப்ரவரி 10 தேர்தலோடு அது 20 வீதத்தைத் தாண்டியது. நான் அரசியலுக்கு வர வேண்டும் என்று கனவு கண்டவள் அல்லள். மாதர் சங்கத்தில் செயலாளராக இருந்தேன், கட்சிக்குப் பெண் பெயர் தேவைப்பட்டது, படலைக்கு வந்தார்கள். என் கணவர் யோசித்தார். என் தாயார் அழுதார். யாழ்ப்பாண மாநகர முதல்வராக இருந்த சரோஜினி யோகேஸ்வரன் 1998 மே 17 இல் சுட்டுக் கொல்லப்பட்டதை அவர் மறக்கவில்லை. இருபது வருடம் கழிந்தும் ஒரு வீட்டுக் குசினியில் அந்த மரணம் முடிவெடுத்துக்கொண்டிருந்தது. இந்த அச்சத்தைக் கணக்கில் எடுக்காமல், வடக்கில் பெண்கள் ஏன் முன்வரவில்லை என்று கேட்பது நியாயமில்லை.

ஒதுக்கீடு எப்படி எழுதப்பட்டது என்பதில்தான் விடயம் இருக்கிறது. வட்டாரங்களில் நேரடியாகப் போட்டியிடும் முதலாவது பட்டியலில் பெண்கள் 10 வீதம் இருந்தால் போதும். மேலதிகப் பட்டியலில் 50 வீதம் வேண்டும். ஆகவே எங்களில் பெரும்பாலானோர் அந்த மேலதிகப் பட்டியலிலிருந்துதான் சபைக்குப் போனோம். மக்கள் எங்களுக்கு நேராகப் புள்ளடி இடவில்லை. கட்சி எங்களைத் தெரிந்து அனுப்பியது. சபையில் முதல் நாளே ஒரு மூத்த உறுப்பினர், "உங்களுக்கு வட்டாரம் இல்லைத்தானே, பிறகு என்ன நிதி?" என்று கேட்டார். வீதி விளக்கு ஒன்று போடுவதற்கும் வட்டார உறுப்பினரின் வாயைப் பார்க்க வேண்டியிருந்தது. அத்துடன் 20 வீதத்துக்குக் குறைந்த வாக்கும் மூன்றுக்குக் குறைந்த இடமும் பெற்ற கட்சிகளுக்குப் பெண் ஒதுக்கீட்டிலிருந்து விலக்கு உண்டு. வாக்குகள் ஏழெட்டுத் துண்டாகச் சிதறும் நம் வடக்கில் இந்த விலக்கு சின்ன விடயம் அல்ல. சட்டம் செய்தவர்கள் பெரிய கட்சிகள் மட்டும் உள்ள ஊர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள்.

இருந்தாலும் அந்த ஐந்து வருடத்தில் ஒரு மாற்றத்தை என் கண்ணால் கண்டேன். முதலில் எங்கள் வீட்டுப் படலையில் தட்டியவர்கள் எல்லோரும் ஆண்கள். வீதி, மதகு, வாய்க்கால் என்று வருவார்கள். ஆறேழு மாதம் போன பின் பெண்கள் பின்வளவுப் பக்கமாக வரத் தொடங்கினார்கள். நுண்கடன்தான் அவர்களை முதலில் கொண்டுவந்தது. போர் முடிந்த பின் பல நிறுவனங்கள் வடக்கில் வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் குழுவாக்கிக் கடன் கொடுத்தன. ஒருத்தி கட்டத் தவறினால் குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டும். கிழமைக் காசுக்கு வந்த பையன் இருட்டும் வரை திண்ணையை விட்டு எழும்ப மாட்டான். ஒரு நாள் ஒரு பிள்ளை பள்ளிக்கூட உடுப்போடு என்னிடம் ஓடி வந்து, "அம்மா அறைக்குள்ள ஒளிச்சிருக்கிறா, நீங்கள் வந்து அவையை அனுப்புங்கோ" என்றது. நான் போனேன். அந்தப் பெண்ணின் முன்விறாந்தையில் மேசை மீது நாலு நிறுவனத்தின் கடன் கொப்பிகள், நாலு நிறத்தில், இறப்பர் பட்டி போட்டு அடுக்கியிருந்தன. நான்காவது கடன் மூன்றாவதைக் கட்டுவதற்காக எடுத்தது. கணவருக்கு இரண்டு மட்டும்தான் தெரியும்.

2018 ஓகஸ்ட் மாதத்தில் வறட்சி பாதித்த மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, நிலுவையில் கிடந்த பெண்களின் நுண்கடன்களை அரசாங்கம் பொறுப்பேற்றது. வட்டிக்கு 35 வீதம் என்ற உச்ச வரம்பும் வந்தது. போதாது என்று பெண்கள் வீதியில் நின்றார்கள். அது உண்மைதான், நாலு கொப்பி உள்ளவளுக்கு ஒரு கொப்பி மூடினால் என்ன ஆகும்? ஆனால் அந்தப் போராட்டங்களில் ஒரு புதிய விடயம் நடந்தது. கொழும்பில் ஒருவர் ஒப்பமிடும் கடதாசி என் திண்ணையில் உட்கார்ந்திருப்பவனை எழுப்பலாம் என்று அந்தப் பெண்கள் கண்டார்கள். கொள்கை என்ற சொல்லை அவர்கள் பாவிக்கவில்லை. "அந்தக் கையெழுத்து" என்றார்கள். அதற்குப் பின் வந்த தேர்தல்களில் என்னிடம் வந்தவர்கள், "அக்கா, இவை வந்தால் அந்தக் கையெழுத்து வைப்பினமோ?" என்று கேட்டார்கள். கணவருக்கு இரண்டு கொப்பி மட்டும் தெரிந்த வீட்டில், மனைவி எதை நினைத்து வாக்களித்தாள் என்பதைக் கணவர் எப்படி அறிவார்?

ஆகவே ரீச்சர், பெண்களின் வாக்கு என்பது ஒரு கட்சியின் பக்கம் சாய்ந்து நிற்கும் மூட்டை அல்ல என்பதே என் எண்ணம். ஒரு கொள்கையின் சுமை யாருடைய கையில் விழுகிறதோ, அந்தக் கை மறைப்புக்குள் தனியாக முடிவெடுக்கக் கற்றுக்கொள்கிறது. நுண்கடன் பெண்ணின் கையில் விழுந்தது. தண்ணீரும் பெண்ணின் கையில் விழுகிறது. சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்தபோது பவுசர் வரும் நேரம் பார்த்து வாளியோடு நின்றது யார்? 2024 இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்ட பின், குழாய் எங்கள் ஒழுங்கைக்கு எப்போது வரும் என்று விசாரித்தவர்களில் அநேகர் பெண்கள். நீங்கள் சங்கக்கடையில் கேட்ட அந்த அம்மா எனக்குப் புதியவர் அல்லர்.

எங்கள் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் நடக்க வேண்டிய தேர்தல் பணம் இல்லையென்று தள்ளிப்போனது. இரண்டு வருடத்துக்கு மேல் சபைகளில் உறுப்பினர்களே இல்லை. பின்வளவால் வந்த பெண்கள் அந்தக் காலத்தில் யாரிடம் போனார்கள் என்பது இன்னும் என் மனதை உறுத்துகிறது. 2025 இல் மேலதிகப் பட்டியல் வேண்டாம் என்று சொல்லி வட்டாரத்தில் நின்றேன். தோற்றேன். ஆனால் எனக்கு விழுந்த வாக்குகள் என்னுடையவை.


மயிலிட்டிக் கரை

அக்கா எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நான் கடற்றொழிலாளர் சங்கத்தில் இருப்பவன். ஒரு விடயத்தில் மட்டும் மாறுபடுகிறேன், ஒன்றை மேலதிகமாகச் சொல்கிறேன்.

மாறுபடுவது இது: தண்ணீர், கடன், நிவாரணம் எல்லாம் பெண்களின் விடயம் என்றும், உரிமை, காணி, அரசியல் தீர்வு எல்லாம் ஆண்களின் விடயம் என்றும் ஒரு பிரிப்பு இந்த உரையாடலில் மெல்ல நுழைகிறது. அது பிழை. 2013 செப்டெம்பர் 21 இல் நடந்த வட மாகாண சபைத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் விருப்பு வாக்கில், அதாவது கட்சிப் பட்டியலில் விரும்பிய வேட்பாளருக்கு இடும் வாக்கில், இரண்டாம் இடம் வந்தவர் அனந்தி சசிதரன். அவருக்கு 87,870 வாக்குகள். காணாமல் ஆக்கப்பட்ட தன் கணவர் எங்கே என்று கேட்டுத்தான் அவர் வாக்குக் கேட்டார். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் கொட்டகை போட்டு இருந்தார்கள். வெயிலிலும் மழையிலும் படங்களை மடியில் வைத்திருந்தவர்கள் பெண்கள். எங்கள் மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில் இராணுவத்தின் பிடியிலிருந்து விடுபட்டது. அதற்கு முன் ஒவ்வொரு கூட்டத்துக்கும் காணி உறுதியைத் துணிப்பையில் கொண்டுவந்து காட்டியவர்களில் எங்கள் அம்மாவும் ஒருவர். அந்தக் காணி அவருடைய சீதனம். இனப்பிரச்சினை பெண்களின் வாக்கை மூடிவிடுகிறதா என்று ரீச்சர் கேட்டார். மூடவில்லை, அந்தப் பிரச்சினையை நாள்தோறும் சுமப்பவர்களே அவர்கள்தான்.

மேலதிகமாகச் சொல்வது இது: 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. எங்கள் படகுகள் கரையில் கிடந்தன. மானியம் வேண்டும் என்று நாங்கள் கேட்டபோது அதைத் தொழில் உரிமை என்றார்கள்; பத்திரிகையும் அப்படியே எழுதியது. அதே காலத்தில் நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்ட பெண்கள் பிரதேச செயலகத்துக்கு முன்னால் நின்றபோது, "இலவசத்துக்கு நிற்கிறார்கள்" என்று என் நண்பர்களே பேசினார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். அது என் பிழை. ஆண் மானியத்துக்கு வாக்களித்தால் கொள்கை, பெண் நிவாரணத்துக்கு வாக்களித்தால் ஆசை என்று நாங்கள் வைத்திருக்கும் இரட்டை அளவு மாறாமல், பெண்கள் எப்படி வாக்களிக்கிறார்கள் என்று நாங்கள் விளங்கிக்கொள்ளப் போவதில்லை.


திருநெல்வேலி மாணவி

நான் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். மயிலிட்டி அண்ணா சொன்ன பிரிப்பைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. இந்தியாவில் ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பின், மேற்கு வங்காளத்திலும் இராசஸ்தானிலும் அந்த ஊர்களைப் பொருளியலாளர்கள் ஒப்பிட்டு 2004 இல் வெளியிட்டார்கள். இரண்டு இடங்களிலும் பெண் தலைவர்கள் குடிநீருக்கு அதிகம் செலவிட்டார்கள். ஆனால் வீதிகளில் முடிவு ஒன்றாக இல்லை: மேற்கு வங்காளத்தில் கூடியது, இராசஸ்தானில் குறைந்தது. மேற்கு வங்காளத்தில் வீதி வேலையில் பெண்களும் கூலி பெற்றார்கள் என்பது அதற்கு ஒரு விளக்கம். பெண் என்றால் தண்ணீர் என்று பிறவியில் எழுதப்படவில்லை. அவளுடைய நாள் எதில் கழிகிறதோ அதைத்தான் அவள் கேட்கிறாள்.

தமிழ்நாட்டில் 2021 மே மாதத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. 2023 செப்டெம்பரில் தகுதியுள்ள குடும்பத் தலைவிகளின் வங்கிக் கணக்குக்கு மாதம் 1,000 ரூபா போகத் தொடங்கியது. தொகையைவிட அது யாருடைய பெயரில் போகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப்படுகிறது. நம் நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு குடும்பம் பெண் தலைமையில் இருக்கிறது. ஆனால் ஆழிப்பேரலைக்குப் பின் மட்டக்களப்பில் பெண்ணுக்குச் சீதனமாக வந்த வளவுகளில் இருந்த வீடுகளுக்குப் பதிலாகக் கட்டிக் கொடுத்த வீடுகள், குடும்பத் தலைவர் என்று கணவர்களின் பெயரில் பல இடங்களில் எழுதப்பட்டன. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையிலும் சீதனக் காணி பெண்ணுடையது. அதை விற்கக் கணவரின் ஒப்பம் வேண்டும். வாக்காளர் பதிவுப் படிவத்தைக்கூட வீட்டின் பிரதான குடியிருப்பாளர்தான் நிரப்பிக் கிராம அலுவலரிடம் கொடுக்கிறார். எங்கள் வீட்டில் அப்பா இறந்து ஆறு வருடம். போன வருடம்தான் அம்மாவின் பெயர் அந்தப் படிவத்தில் முதல் வரிக்கு வந்தது. அதற்கு முன் அண்ணாவின் பெயரை எழுதிவந்தோம், அவர் வீட்டில் இல்லாதபோதும். யாரும் எங்களை வற்புறுத்தவில்லை. எங்களுக்கே அது இயல்பாகப்பட்டது.


கட்டுநாயக்காவிலிருந்து

நான் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், சொந்த ஊர் கொடிகாமம். வாக்கு ஊரில்தான் பதிவு. தபால் மூல வாக்களிப்பு அரசாங்க உத்தியோகத்தருக்கு உண்டு, எங்களுக்கு இல்லை. வாக்களிக்க லீவு சட்டத்தில் இருக்கிறது. ஆனால் இரவு பஸ்சில் போய் அடுத்த இரவு திரும்பினால் பஸ் காசும் வருகைக் கொடுப்பனவும் போகும். 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தலுக்குப் போனேன், நவம்பரில் போகவில்லை. எங்கள் விடுதி அறையில் ஆறு தமிழ்ப் பிள்ளைகள். நவம்பரில் ஒருத்தி மட்டும் ஊருக்குப் போனாள், அவளின் தாயாருக்குச் சுகமில்லை என்று. நீங்கள் எல்லோரும் மறைப்புக்குள் பெண் என்ன நினைக்கிறாள் என்று பேசுகிறீர்கள். மறைப்பு வரைக்கும் வர முடியாத எங்களையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.


பருத்தித்துறை வாசகர்

தங்கச்சி, இதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. வாக்கின் மீது கொள்கையின் தாக்கம் என்று பேசும்போது, வாக்களிப்பை நடத்தும் விதியே ஒரு கொள்கை என்பதை நான் வகுப்பில் எத்தனையோ வருடம் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

ரீச்சருடைய மாணவியின் கேள்விக்கும் இதே இடத்தில் ஒரு பதில் இருக்கிறது. பாராளுமன்றத் தேர்தலில் ஒதுக்கீடு இல்லை. முழுத் தேர்தல் மாவட்டத்திலும், அதாவது யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும், ஊர் ஊராக அலைந்து விருப்பு வாக்குச் சேர்க்க வேண்டும். வாகனம், சுவரொட்டி, இரவுக் கூட்டம், கூட வரும் பத்துப் பதினைந்து பேர் இவையெல்லாம் வேண்டும். உள்ளூராட்சியில் பெண்களின் இடம் ஐந்தில் ஒன்றைத் தாண்டியிருக்க, 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் 2024 இலும் 10 வீதத்தை எட்டாததற்கு இதுவே பெரிய காரணம். 2024 ஜனாதிபதித் தேர்தலில் வாக்குச்சீட்டு அவ்வளவு நீளமாக இருந்தும் ஒரு பெண்ணின் பெயரும் அதில் இல்லை. வாக்காளர் விரும்பினாலும் புள்ளடி இடுவதற்குப் பெயர் வேண்டுமே.

இன்னொன்றையும் வலியோடு குறிப்பிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் மக்கள் வாக்களித்துத் தெரிந்த பெண்களில் சிலரை நினைத்துப் பாருங்கள். சரோஜினி யோகேஸ்வரனின் கணவர் 1989 இல் கொல்லப்பட்டவர். 2010 இலும் 2015 இலும் பாராளுமன்றம் சென்ற விஜயகலா மகேஸ்வரனின் கணவர் 2008 இல் கொல்லப்பட்டவர். அனந்தியின் கதை மேலே இருக்கிறது. பெரும்பாலும் கணவரின் இழப்பு என்ற வாசல் வழியாக வந்தால்தான் நாம் ஒரு பெண்ணைத் தலைவராகப் பார்த்திருக்கிறோம். தென்மராட்சித் தங்கச்சி தன் மாதர் சங்கக் கொப்பியோடும் தன் ஐந்து வருட வேலையோடும் வட்டாரத்தில் நின்றது இந்த மண்ணுக்கு அதனால்தான் புதிய விடயம். அவர் தோற்றதை நான் சிறிதாக எடுக்கவில்லை. அடுத்த முறையும் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.


கோண்டாவில் ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. நேற்று இந்தப் பதில்களை அச்செடுத்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். கேள்வி கேட்ட மாணவி கட்டுநாயக்காவிலிருந்து வந்த பதிலை எழுந்து நின்று சத்தமாக வாசித்தாள். அவளுடைய அக்காவும் அங்கேதான் வேலை செய்கிறாள் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வாக்காளர் பதிவுப் படிவத்தில் தங்கள் வீட்டில் முதல் வரியில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்த்து வரும்படி பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

தென்மராட்சி அக்கா, அடுத்த வியாழக்கிழமை நான்காம் பாடவேளை உங்களுக்கு வசதிப்படுமா? அதிபரிடம் அனுமதி எடுத்துவிட்டேன். மேலதிகப் பட்டியலில் போனதற்கும் வட்டாரத்தில் நின்றதற்கும் என்ன வித்தியாசம் என்று உங்கள் வாயால் கேட்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். தென்மராட்சியிலிருந்து வரும் பஸ் கோண்டாவில் சந்திக்கு வராது. யாழ்ப்பாண நிலையத்தில் இறங்கினால் நான் வந்து கூட்டிப்போகிறேன்.